மூப்பும் புழுவும்: காரைக்குடி வரை வந்த ஒரு சரித்திரம்



மலர்க்குழு நண்பர் ஒருவர் போன் செய்து, "ஏதாவது எழுதிக் கொடுப்பா. ஹாஸ்டல் அனுபவம், டூர் போனது, எதுவானாலும் சரி" என்று கேட்டுக்கொண்டார். ஹாஸ்டல் அனுபவம் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் நான் புழுவைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரிப்பா, பக்கம் மட்டும் கூடாமப் பார்த்துக்க" என்றார். இதோ எழுதிவிட்டேன்.

எஞ்சினியருக்குப் புழுவோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல என் அப்பத்தாவிடமிருந்து ஆரம்பிக்கணும்.

எண்பது வயதைத் தாண்டியதும் அப்பத்தாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. காலையில் என்ன பலகாரம் சாப்பிட்டோம் என்பது மறந்துவிடும். ஆனால் சின்ன வயதில் பினாங்கிலிருந்து வந்த கடுதாசியில் என்ன எழுதியிருந்தது என்பதை அட்சரம் பிசகாமல் சொல்வார். அத்தனை பெரிய வீட்டில், முகப்புக்கும் வளவுக்கும் நடுவே, யாரையோ தேடுவது போல நடந்துகொண்டே இருப்பார். அந்தச் சமயத்தில் ஆயுளையும் ஞாபக சக்தியையும் கூட்டும் என்று சொல்லி விற்ற ஒரு பொடியை நான் வாங்கி வந்தேன். விலை மூவாயிரத்துச் சொச்சம். டப்பாவின் மேலே "விஞ்ஞானபூர்வமாக நிரூபிக்கப்பட்டது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒரு மண்டலம் கொடுத்தோம். எந்த மாற்றமும் இல்லை. "ஏப்பா, இந்தக் கசப்பை ஒரு நாள் நீ குடிச்சுப் பாரேன்" என்றதுதான் கண்ட பலன்.

கோபத்தில், அந்த "நிரூபணம்" எது என்று தேடிப் பார்த்தேன். அந்தப் பொடியில் உள்ள ஒரு பொருளை ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுக்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். புழுக்கள் சில நாள் கூடுதலாக உயிர் வாழ்ந்திருக்கின்றன. அவ்வளவுதான்! "புழுவுக்கும் என் அப்பத்தாவுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கத்தத் தோன்றியது. ஆனால் படிக்கப் படிக்க இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, புழுவை வைத்து மூப்பை ஆராய்வது ஏமாற்று வேலை இல்லை. அதற்கு நீண்ட, நேர்மையான ஒரு சரித்திரம் இருக்கிறது. இரண்டு, அந்தச் சரித்திரத்தின் ஒரு பக்கம், நான் நான்கு வருஷம் படித்த இடத்துக்குப் பக்கத்திலேயே எழுதப்பட்டு வந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

கத்திக்கு அஞ்சாத புழு

முதலில் தட்டைப்புழு. நாடாப்புழு என்றால் எல்லோருக்கும் தெரியும், அதுவும் தட்டைப்புழு இனம்தான். ஆனால் நம் கதாநாயகன் அதன் சாதுவான பங்காளி. பெயர் பிளனேரியா. ஓடைகளிலும் குளங்களிலும் கல்லுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் அளவு. தலையில் இரண்டு கண் புள்ளிகள், பார்ப்பதற்கு மாறுகண் போலத் தெரியும். யாருக்கும் எந்தத் தொந்தரவும் செய்யாது.

பீட்டர் சைமன் பல்லாஸ் என்ற ஜெர்மானிய இயற்கை விஞ்ஞானி 1766-ஆம் ஆண்டிலேயே இந்தப் புழு வெட்டுப்பட்டாலும் மறுபடி வளர்வதைப் பதிவு செய்தார். 1814-ல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் கிரஹாம் டால்யெல், எப்படி வெட்டினாலும் சாக மறுக்கும் இந்தப் பிராணியைப் பார்த்து வியந்து எழுதினார். பீகிள் கப்பலில் உலகம் சுற்றிய சார்லஸ் டார்வின்கூட இதை விடவில்லை. 1836-ல் டாஸ்மேனியாவுக்குப் போனபோது, நிலத்தில் வாழும் தட்டைப்புழுக்களைப் பிடித்து, மக்கிய மரத்தூளைத் தீனியாகப் போட்டு வளர்த்தார். ஒன்றை இரண்டாக வெட்டினார். இரண்டு வாரத்தில் இரண்டு துண்டும் இரண்டு முழுப் புழுக்கள்!

பின்னாளில் பழ ஈக்களை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஹன்ட் மார்கன், அதற்கு முன்பு பிளனேரியாவைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார். முழுப் புழுவில் 279-ல் ஒரு பங்கு இருக்கும் துண்டுகூட மறுபடி ஒரு புழுவாக வளர முடியும் என்று 1898-ல் கணக்கிட்டார்.

நாம் படித்த ரிலையபிலிட்டி பாடத்தை நினைத்துப் பாருங்கள். எந்த இயந்திரமும் ஓட ஓடத் தேயும். தேயத் தேயப் பழுதாகும் வாய்ப்பு கூடும். மனிதனுக்கும் அதே கதைதான். 1825-ல் பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் என்ற இன்ஷூரன்ஸ் கணக்கர் மரணப் பட்டியல்களைப் புரட்டி ஒரு சூத்திரம் கண்டார். வளர்ந்த மனிதனுக்கு வயது ஏற ஏற, சாகும் வாய்ப்பு கூட்டு வட்டி போலப் பெருகுகிறது. ஏறக்குறைய எட்டு வருஷத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகிறது. கூட்டு வட்டி என்றால் நம்ம ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஆனால் இந்தத் தட்டைப்புழு வட்டியே கட்டாமல் தப்பிக்கிறதே, எப்படி? இதுதான் கேள்வி.

பட்டினியும் இளமையும்

இந்தக் கேள்வியை நேராகப் பிடித்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் சார்லஸ் மானிங் சைல்ட். மூப்பையும் இளமை திரும்புவதையும் பற்றி 1915-ல் ஒரு பெரிய புத்தகமே போட்டார். பிளனேரியாவுக்குத் தீனி போடாவிட்டால் அது உடனே சாவதில்லை. தன் உடம்பையே கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து, உருவம் மாறாமல், வாரக் கணக்கில் சிறுத்துக்கொண்டே போகும். மறுபடி தீனி போட்டால் மறுபடி வளரும். இப்படிச் சிறுத்த புழுவின் உடலியக்க வேகத்தை சைல்ட் அளந்தார். அது கிழட்டுப் புழுவைப் போல இல்லை, குட்டிப் புழுவைப் போல இருந்தது! மூப்பு ஒருவழிப் பாதை இல்லை, சில உயிர்களில் ரிவர்ஸ் கியரும் உண்டு என்பது அவர் வாதம்.

இருபது வருஷம் கழித்து, 1935-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே, சத்துக் குறையாமல் அளவு மட்டும் குறைத்துத் தீனி போட்ட எலிகள் அதிக நாள் வாழ்வதைக் காட்டினார். உணவுக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பு அன்று முதல் இன்று வரை மூப்பு ஆராய்ச்சியின் முக்கியமான கேள்விகளில் ஒன்று. (இதைப் படித்துவிட்டு யாரும் நம் செட்டிநாட்டு விருந்தைப் புறக்கணிக்க வேண்டாம். புழுவுக்குச் சரியானது நமக்கும் சரி என்று இன்னும் யாரும் முடிவு கட்டவில்லை!)

ஒரு சறுக்கல்

சரித்திரம் என்றால் வெற்றியை மட்டும் எழுதக் கூடாது. 1950-களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெக்கானல் என்ற மனோதத்துவ நிபுணர் பிளனேரியாவுக்குப் பாடம் நடத்தினார். வெளிச்சம் காட்டி, கூடவே லேசாக மின்சார அதிர்ச்சி கொடுப்பார். சில நாளில் வெளிச்சம் கண்டாலே புழு உடம்பைச் சுருக்கியது. படித்த புழுவை இரண்டாக வெட்டினார். வால் பகுதியிலிருந்து புதுத் தலை முளைத்த புழுவுக்கும் பாடம் ஞாபகம் இருந்தது என்றார். அதோடு நிற்கவில்லை. படித்த புழுவை நறுக்கிப் படிக்காத புழுவுக்குத் தீனியாகப் போட்டால், அறிவும் சேர்ந்தே போகிறது என்று 1962-ல் அறிவித்தார்!

பத்திரிகைகள் கொண்டாடின. பரீட்சைக்கு முந்தின நாள் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தால் போதும் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் மற்ற சோதனைச்சாலைகளில் அதைத் திரும்பச் செய்தபோது பலருக்கு வரவில்லை. புழுவைப் பழக்குவதே நிச்சயமில்லாத காரியமாக இருந்தது. ஒரு தலைமுறைக்குத் தட்டைப்புழு ஆராய்ச்சியின் பெயரே கெட்டது. இதில் ஒரு திருப்பமும் உண்டு. 2013-ல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் தால் ஷோம்ராட், மைக்கேல் லெவின் இருவரும், மனிதக் கை படாமல் கம்ப்யூட்டரே புழுவைப் பழக்கி அளக்கும் முறையில் சோதித்தார்கள். தலை வெட்டப்பட்டுப் புதுத் தலை முளைத்த பிறகும் பழக்கத்தின் சுவடு மிச்சம் இருந்தது. மெக்கானல் சொன்னதில் ஒரு பகுதிக்கு உயிர் வந்தது. தின்றால் அறிவு வரும் என்பதற்கு வரவில்லை. ஒரு சோதனை உண்மையா என்பது அதைச் செய்தவரின் ஆர்வத்தைப் பொறுத்தது இல்லை. வேறொருவர் திரும்பச் செய்தால் வருகிறதா என்பதைப் பொறுத்தது. அப்பத்தாவின் பொடி டப்பாவை வாங்கும்போது எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

உருளைப்புழு உள்ளே வந்தது

தட்டைப்புழு பின்தங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. யோசித்துப் பாருங்கள்: மூப்பை ஆராய வேண்டுமென்றால் மூப்படையும் பிராணி வேண்டும். அதுவும் சீக்கிரம் மூப்படைந்து, சீக்கிரம் சாக வேண்டும். அப்போதுதான் ஒரு மாணவர் தன் ஆராய்ச்சிக் காலத்துக்குள் நூறு முறை சோதனை செய்ய முடியும். கிழமே ஆகாதது போலத் தெரியும் தட்டைப்புழுவை வைத்துக்கொண்டு எந்தத் தேதியைக் குறிப்பது?

இந்த இடத்தை நிரப்பியது உருளைப்புழு. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்பது பெயர், சுருக்கமாக சி. எலிகன்ஸ். இது தட்டைப்புழுவுக்கு உறவே இல்லாத வேறு இனம். 1963-ல் கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர் இதைத் தேர்ந்தெடுத்தார். 1974-ல் இதன் மரபியல் பற்றிய முக்கியமான கட்டுரையை வெளியிட்டார். நீளம் ஒரு மில்லிமீட்டர். உடம்பு கண்ணாடி போல. உள்ளே இருப்பதெல்லாம் மைக்ராஸ்கோப்பில் தெரியும். முட்டையிலிருந்து மூன்றே நாளில் பெரிய புழு. இரண்டு மூன்று வாரத்தில் ஆயுள் முடிந்துவிடும். இனப்பெருக்கச் செல்களைத் தவிர்த்தால் உடம்பில் மொத்தம் 959 செல். அதில் 302 நரம்பு செல். எந்த செல் எதிலிருந்து வந்தது என்று வம்சாவளியே எழுதிவிட்டார்கள். பிரென்னர், ஜான் சல்ஸ்டன், ராபர்ட் ஹார்விட்ஸ் மூவருக்கும் 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மூப்பு ஆராய்ச்சிக்கு இந்தப் புழு கொடுத்த அதிர்ச்சிதான் பெரிது. அதிக நாள் வாழும் புழு வகைகள் உண்டு என்று 1983-ல் மைக்கேல் கிளாஸ் காட்டினார். ஏஜ்-1 என்ற ஒரே ஒரு மரபணு மாறினால் சராசரி ஆயுள் சுமார் 40 சதவீதம் கூடுகிறது என்று 1988-ல் டேவிட் ஃப்ரீட்மன், தாமஸ் ஜான்சன் இருவரும் எழுதினார்கள். 1993-ல் கலிபோர்னியாவில் சிந்தியா கென்யனின் குழு, டாஃப்-2 என்ற மரபணுவின் வேலையைக் குறைத்தால் புழுவின் ஆயுள் இரட்டிப்பாகிறது என்று கண்டது. வெறுமனே கிழடாக இழுத்துக்கொண்டு கிடக்கவில்லை, சுறுசுறுப்பாகவே வாழ்ந்தது. 1997-ல் கேரி ருவ்குன் குழு அந்த மரபணு எதுவென்று பார்த்தபோது, அது நம் உடம்பில் இன்சுலினை ஏற்கும் புரதத்தின் உறவினன் என்று தெரிந்தது!

"புழுவுக்கும் அப்பத்தாவுக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்டேனே, பதில் இங்கே இருக்கிறது. சர்க்கரை வியாதிக்காரர் ஒருவராவது இல்லாத வீடு நம் பக்கம் குறைவு. அந்த இன்சுலின் ஏற்பாட்டின் பழைய மாடல் ஒன்று புழுவுக்குள்ளும் ஓடுகிறது. உடம்பு தேய்வது வெறும் தேய்மானம் மட்டும் இல்லை. எவ்வளவு வேகத்தில் தேய விடலாம், எவ்வளவு ரிப்பேர் செய்யலாம் என்று தீர்மானிக்கும் கண்ட்ரோல் சிஸ்டம் ஒன்று உள்ளே இருக்கிறது. எஞ்சினியருக்கு இது நன்றாகவே புரியும்.

தட்டைப்புழு மறுபடி எழுந்தது

இதற்கிடையில் தட்டைப்புழு சும்மா இருக்கவில்லை. 1998-ல் அலெஹாண்ட்ரோ சான்செஸ் அல்வராடோ, ஃபிலிப் நியூமார்க் என்ற இருவர் ஸ்பெயினின் பார்சிலோனாவுக்குப் போய், மான்ஜுயிக் குன்றில் கைவிடப்பட்ட ஒரு நீரூற்றுத் தொட்டியிலிருந்து ஷ்மிட்டியா மெடிட்டரேனியா என்ற பிளனேரியா வகையைப் பிடித்து வந்தார்கள். குறிப்பிட்ட மரபணுவை ஊமையாக்கும் ஆர்.என்.ஏ. முறை இந்தப் புழுவிலும் பலிக்கிறது என்று 1999-ல் காட்டினார்கள். அதுவரை வெட்டிப் பார்க்க மட்டுமே முடிந்தது; இனி எந்த மரபணு என்ன வேலை செய்கிறது என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க முடிந்தது.

தட்டைப்புழுவின் ரகசியம் நியோபிளாஸ்ட் எனப்படும் ஸ்டெம் செல்கள். அதன் உடம்பிலுள்ள செல்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவைதான். ஸ்பேர் பார்ட்ஸ் குடோனையே உடம்புக்குள் வைத்துக்கொண்டிருக்கிறது என்று வையுங்களேன். கதிர்வீச்சு கொடுத்து இவற்றை அழித்தால், ரிப்பேர் நின்று சில வாரத்தில் புழு செத்துப்போகும். 2011-ல் பீட்டர் ரெட்டியனின் குழு, அப்படிச் சாகக் கிடந்த புழுவுக்குள் ஒரே ஒரு நியோபிளாஸ்ட்டை ஏற்றியது. அந்த ஒற்றை செல் பெருகி, புழுவையே மீட்டுவிட்டது! 2012-ல் இங்கிலாந்தில் அஜீஸ் அபூபேக்கரின் குழு இன்னொன்று கண்டது. செல் பிரியும்போதெல்லாம் குரோமோசோமின் நுனியான டீலோமியர் தேயும். நமக்கு அது திரும்ப வளர்வது அரிது. உடலைப் பிளந்தே இனம் பெருக்கும் தட்டைப்புழு, பிளக்கும்போதும் வெட்டுப்பட்டு வளரும்போதும் அந்த நுனியை நீளம் குறையாமல் காத்துக்கொள்கிறது. முட்டையிட்டு இனம் பெருக்கும் வகையோ அப்படிச் செய்வதில்லை.

அப்படியானால் முட்டையிடும் வகைக்கு மூப்பு வருமா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் லாங்ஹுவா குவோவின் குழு 2025-ல் இதற்கு விடை சொன்னது. வரும்! பிறந்து பதினெட்டு மாதத்துக்குள் அந்தப் புழுக்களுக்கு முதுமையின் அடையாளங்கள் தெரிகின்றன. நடமாட்டம் குறைகிறது, முட்டை வளம் குறைகிறது, திசுக்களின் ஒழுங்கு கெடுகிறது. ஆனால் அந்தக் கிழப்புழுவை வெட்டி, இழந்த பாகம் மறுபடி வளர்ந்ததும் பார்த்தால், புதிதாக முளைத்த பாகம் மட்டும் இல்லை, வெட்டுப்படாத தூரத்துப் பாகமும் இளமைக்குத் திரும்பியிருந்தது. 1915-ல் சைல்ட் சொன்ன ரிவர்ஸ் கியர், 110 வருஷம் கழித்து இன்னொரு வழியில் கண்ணில் பட்டது.

நம் நாட்டிலும் பெங்களூரு இன்ஸ்டெம் நிறுவனத்தில் தாசரதி பாலகோடேட்டியின் குழு பிளனேரியாவை வளர்த்து, அது எப்படி மறுபடி வளர்கிறது என்று ஆராய்ந்திருக்கிறது. டெல்லியில் தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனத்தில் அர்ணப் முகோபாத்யாயின் குழு உருளைப்புழுவில் ஆயுளை ஆராய்ந்திருக்கிறது. இவர்களுக்கெல்லாம் முன்னோடி, காசி இந்து பல்கலைக்கழகத்தின் எம்.எஸ். கானுங்கோ. அவர் வைத்திருந்தது எலிகள். இந்தியாவில் மூப்பை மரபணு அளவில் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர். மரபணுக்களும் மூப்பும் பற்றி அவர் எழுதிய நூல் 1994-ல் கேம்பிரிட்ஜ் பதிப்பாக வந்தது.

நம்ம ஊருக்கு வந்த புழு

இனி நம்ம ஊர். 1947-ல் சென்னையில் நடந்த அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாவில், சர் ஏ. லட்சுமணசாமி முதலியார் புதிய கல்லூரிகள் வேண்டும் என்று கேட்க, அழகப்ப செட்டியார் எழுந்து ஒரு லட்சம் ரூபாய் தருகிறேன் என்று அங்கேயே சொன்ன கதை நமக்கெல்லாம் மனப்பாடம். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் நாளில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இடையே 1952-ல் நம் பொறியியல் கல்லூரி. 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகம்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் உயிர்த் தொழில்நுட்பவியல் துறைக்கு சி. எலிகன்ஸ் வந்து சேர்ந்தது. பேராசிரியர் கே. பாலமுருகனின் குழு, நோய்க்கிருமிகளைத் தின்ற புழுவின் உடம்பு எப்படி எதிர்த்து நிற்கிறது என்பதைப் பல வருஷமாக ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறது. 2016-ல் வந்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: முன்கூட்டியே கொஞ்ச நேரம் வெப்ப அதிர்ச்சி பெற்ற புழுக்கள், கிருமி தாக்கியபோது கூடுதல் காலம் தாக்குப்பிடித்தன. இரும்பைக் காய்ச்சிப் பதம் வைப்பது போல! சித்திரை வெயிலில் ஒர்க்ஷாப்பில் நின்ற நமக்கும் அந்தப் பலன் உண்டா என்று தெரியவில்லை.

பேராசிரியர் கே. பாண்டிமாதேவியின் குழு எடுத்துக்கொண்ட விஷயம் என் அப்பத்தாவின் விஷயமேதான், ஞாபக மறதி. அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமைலாய்டு பீட்டா என்ற புரதத்தை உருளைப்புழுவின் உடம்பிலும் உண்டாகும்படி மரபணு மாற்றம் செய்த வகைகள் இருக்கின்றன. கடற்பாசிகளில் உள்ள பொருள்கள் அந்தப் புரதத்தின் தீங்கைக் குறைக்குமா என்று பார்த்தார்கள். பாடினா ஜிம்னோஸ்போரா என்ற பழுப்புக் கடற்பாசியும், அதிலுள்ள ஆல்பா பிசபோலால் என்ற பொருளும் அந்த நச்சு விளைவைச் செல்களிலும் புழுவிலும் குறைத்ததாக 2019-ல் இரு குழுவினரும் சேர்ந்து எழுதினார்கள்.

வேலை எப்படி நடக்கும் தெரியுமா? அகர் நிரப்பிய சின்னத் தட்டில் ஈ. கோலை பாக்டீரியாவைத் தடவி வைப்பார்கள், அதுதான் புழுவுக்குச் சாப்பாடு. புழு பெருகிக் கணக்குக் குழம்பாமல் இருக்க வளர்ந்த புழுக்களைத் தனியே மாற்றுவார்கள். 20 டிகிரியில் வைப்பார்கள். நம் ஊர்ச் சூட்டில் குளிர்பெட்டி நின்றால் சோதனையும் நின்றது! தினமும் மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாக பிளாட்டினக் கம்பியால் மெல்லத் தொடணும். அசைந்தால் உயிர் இருக்கிறது. அசையாவிட்டால் அன்றைய கணக்கில் ஒரு கோடு. ஞாயிறு, தீபாவளி என்று லீவு கிடையாது. மருந்து கொடுத்த தட்டு, கொடுக்காத தட்டு என்று இரண்டையும் ஒப்பிட்டுக் கடைசிப் புழு சாகும் வரை எண்ணி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கணும்.

ஒரு கோடும் ஒரு டப்பாவும்

இவ்வளவு பொறுமையாக எண்ணிய பிறகும் அந்த விஞ்ஞானிகள் சொல்வது, "புழுவில் இப்படி இருந்தது" என்றுதான். மேலே பார்த்துச் செல்ல வேண்டிய படிகள் இருக்கின்றன: எலி, பாதுகாப்புச் சோதனை, பிறகு மனிதர்களிடம் முறையான பரிசோதனை. புழுவுக்கு நம்மைப் போல இரத்த நாளம் இல்லை, இதயம் இல்லை, மூன்று வாரத்துக்கு மேல் வாழ்க்கையும் இல்லை. புழுவில் பலித்த பல பொருள்கள் எலிக்குப் போகும்போதே நின்றுவிடுகின்றன. புழு நமக்குச் சொல்வது எந்தக் கதவைத் தட்டிப் பார்க்கலாம் என்பதை மட்டும்தான். கதவு திறந்துவிட்டது என்று டப்பாவில் அச்சடிப்பவர்கள் விஞ்ஞானிகள் இல்லை, வியாபாரிகள்.

நான் தப்பாகக் கோபப்பட்டது புழுவின் மேல். கோபப்பட்டிருக்க வேண்டியது, சோதனைக்கும் டப்பாவுக்கும் நடுவே காணாமல் போன படிகளைக் கேட்காத என் மேல். பாலம் கட்டுபவன் மாடலில் தாங்கியது என்று சொல்லி நேராக லாரியை ஏற்றுவானா? அந்தக் கேள்வியை நான்கு வருஷம் இங்கே படித்துவிட்டு, மருந்துக் கடையில் மறந்துவிட்டேன்.

அப்பத்தா இப்போது இல்லை. கடைசி நாட்களில் என் பெயரை மறந்துவிட்டார். ஆனால் என் கையைப் பிடித்தால் விடமாட்டார். அந்தக் கை ஏன் நினைவில் இருந்தது, பெயர் ஏன் போனது என்பதற்குப் பதில் கிடைத்தால், அது நம் ஊரிலும் இதர ஊர்களிலும் தட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கும் இப்படிப்பட்ட பொறுமைசாலிகளிடமிருந்துதான் கிடைக்கும்.

இந்நாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். படிக்கும்போதே பக்கத்து வளாகங்களுக்குப் போய், அங்கே என்ன நடக்கிறது என்று கேளுங்கள். நம்மிடம் சென்சார் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கேமரா வைத்து, புழு அசைகிறதா என்று தானே எண்ணும் கருவிகளை உலகில் பலர் செய்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எண்ணும் ஒரு ஆராய்ச்சி மாணவருக்கு ஒரு நாள் லீவு வாங்கிக் கொடுக்கும் புராஜெக்ட் நீங்களும் செய்யலாமே! அந்தப் பக்கத்து மாணவர்களும் நம் ஒர்க்ஷாப்புக்கு வரட்டும்.

1909 ஏப்ரல் 6-ல் பிறந்த அழகப்பர் 1957 ஏப்ரல் 5-ல் காலமானார். 48 வயது நிறைய ஒரு நாள் பாக்கி. நம்மில் பலர் அந்த வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறோம், சிலர் தாண்டியும் விட்டார்கள். அவர் கொடுத்த நிலத்தில் நின்றுகொண்டு இன்று யாரோ ஒருவர் மூப்பைப் பற்றிய கணக்கில் ஒரு கோடு போட்டுக்கொண்டிருக்கலாம். இந்த ரீயூனியனுக்கு வரும் நண்பர்கள், போட்டோ எடுத்து முடித்ததும், அந்தப் பக்கமும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க அழகப்பர் புகழ்!